வாசகர் கேள்வி – பதில்: மலைநாட்டுப் பயிர்களும் உலகச் சட்டமும்

உயிர்ப் பல்வகைமை, மரபணு மாற்றம், மூலிகை அறிவு ஆகியவை தொடர்பான சர்வதேசச் சட்டம் பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

தேயிலையும் சிங்கோனாவும் பிற நாடுகளிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவை. அப்போது யாரிடமாவது அனுமதி கேட்டார்களா? இன்று அந்த நாடுகள் நம்மிடம் பங்கு கேட்க முடியுமா?
(பாடசாலை ஆசிரியர், தலவாக்கலை)

அனுமதி கேட்கவில்லை. இன்று பூக்களுக்குப் பெயர்பெற்ற ஹக்கல தாவரவியல் பூங்கா, 1861இல் சிங்கோனாக் கன்றுகளை வளர்த்துப் பார்ப்பதற்காகவே தொடங்கப்பட்டது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைனைத் தரும் அந்த மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடர். அங்குள்ள நாடுகள் விதை வெளியே போவதைத் தடுக்க முயன்றபோதும் பிரித்தானியரும் ஒல்லாந்தரும் அதை எடுத்துச் சென்றனர். 1865இல் ஒல்லாந்தர் கைக்குப் போய் யாவாத் தீவின் குயினைன் தொழிலை வளர்த்த விதையைச் சேகரித்தவர், பொலிவியாவைச் சேர்ந்த அய்மாரா இனத்தவரான மனுவேல் இன்க்ரா மாமானி. எந்த மரத்தின் பட்டையில் மருந்து மிகுதி என்பதை அறிந்திருந்தவர் அவரே. பின்னொரு தடவை விதை சேகரித்தபோது அவர் பிடிபட்டு, சிறையில் அடித்துத் துன்புறுத்தப்பட்டு, அதனாலேயே இறந்தார். உலகச் சந்தையில் குயினைன் ஈட்டிய பணத்தில் அவருடைய குடும்பத்துக்கோ ஊருக்கோ பங்கு இருக்கவில்லை. இந்தச் சட்டங்களெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த மனிதரைப் பற்றித்தான்.

தேயிலையின் வரலாறும் இதைப் போன்றதே. பேராதனைக்கு 1824இல் சீனத்திலிருந்தும் 1839இல் அசாமிலிருந்தும் தேயிலைச் செடிகள் வந்தன. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகப் பயிராக நட்டதும் அசாம் வகையே. விதைகளும் செடிகளும் மனிதகுலம் அனைத்துக்கும் பொதுவான சொத்து என்ற எண்ணமே அன்று நிலவியது. சொல்லளவில் அது நல்ல கொள்கைதான். ஆனால் கப்பலும் காலனியும் யாரிடம் இருந்தனவோ அவர்களுக்கே அந்தப் பொதுச்சொத்து பயன்பட்டது.

இந்த நிலையை மாற்றியது 1992 ஜூனில் ரியோ டி ஜெனீரோவில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட உயிர்ப் பல்வகைமைச் சமவாயம். ஒரு நாட்டிலுள்ள மரபணு வளங்களின் (விதை, செடி போன்றவற்றின்) மீது அந்நாட்டுக்கே இறைமை உண்டு என்றும், அவற்றைப் பெற விரும்புவோர் விபரத்தை முன்கூட்டியே தெரிவித்து இணக்கம் பெறவேண்டும் என்றும், கிடைக்கும் பயனை இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளின்படி பகிரவேண்டும் என்றும் அதன் 15ஆம் உறுப்புரை கூறுகிறது. சமவாயம் 1993 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1994இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் நடைமுறைக்கு வந்த பின் நடப்பவற்றுக்கே அது பொருந்தும். ஆகவே 1839இல் வந்த செடிக்காக இந்தியா இன்று நம்மிடம் பங்கு கோர முடியாது. அந்தீஸ் நாடுகளும் ஹக்கலவின் சிங்கோனாவுக்குக் கணக்குக் கேட்க முடியாது. சட்டத்தின் நிலை இது. நியாயத்தின் கணக்கு இதோடு தீர்ந்துவிட்டது என்று நான் கருதவில்லை.

உங்கள் ஊருக்கு நேரடியாகப் பொருந்தும் விடயம் ஒன்று உண்டு. செயின்ட் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாக உருவாக்கித் தந்த, விதையின்றிக் கிளைத்துண்டால் பெருக்கும் வீ.பி. வகைகள் எப்படிப் பெருக்கப்படுகின்றன என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாய்ச்செடியின் கிளையை ஓர் இலையும் ஒரு கணுவுமாக நறுக்கி, மண் நிரப்பிய பொலித்தீன் பைகளில் ஊன்றி, நிழலில் வேர்விட வைப்பார்கள். அப்படி வளர்ந்த மலை முழுவதும் மரபணு அளவில் ஒரே செடிதான். புதிய நோயோ நீண்ட வறட்சியோ வந்தால் அந்த மலை முழுவதும் ஒரேயடியாகப் பாதிக்கப்படும் என்பதால், தாங்கும் தன்மையுள்ள வேறு தேயிலை இரத்தம் நமக்குத் தேவைப்படும். அது இருப்பது அசாமிலும் சீனாவின் யுனான் மாகாணத்திலும்தான். இனி அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டின் உயிர்ப் பல்வகைமைச் சட்டத்தின் கீழ், சென்னையிலுள்ள தேசிய உயிர்ப் பல்வகைமை அதிகார சபையிடம் விண்ணப்பித்து, நிபந்தனைகளைப் பேசி முடித்த பின்னரே பெற வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்கு வந்த சிலர், வயதான பெண்களிடம் எந்த இலை எந்த நோய்க்கு என்று கேட்டு எழுதிக்கொண்டும் ஒலிப்பதிவு செய்துகொண்டும் போனார்கள். இதில் எங்களுக்கு உரிமை ஏதும் உண்டா?
(கொழுந்து பறிக்கும் தொழிலாளி, மஸ்கெலியா)

உண்டு, அம்மா. அந்த உரிமையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். செடி வேறு, செடியைப் பற்றிய அறிவு வேறு. காட்டிலோ ஆற்றங்கரையிலோ தோட்டத்தின் தரிசு நிலத்திலோ நிற்கும் செடியை எடுத்துச் செல்ல அரசின் இணக்கம் வேண்டும். இடத்தைப் பொறுத்து வனத் திணைக்களமோ வனஜீவராசிகள் திணைக்களமோ அனுமதி தரவேண்டும். ஆனால் எந்த இலையை எந்தப் பதத்தில் பறித்து, எதோடு சேர்த்து அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கு எத்தனையாம் நாள் கொடுப்பது என்ற அறிவு அரசினுடையதும் அல்ல, தோட்டக் கம்பனியினுடையதும் அல்ல; அதை வைத்திருப்பவர்களுடையது. சமவாயத்தின் 8(j) உறுப்புரை, உள்ளூர்ச் சமூகங்களின் அறிவையும் பழக்கங்களையும் மதித்துப் பேணி, அவர்களின் ஒப்புதலோடும் பங்கேற்போடும் பயன்படுத்தி, பயனையும் அவர்களோடு பகிர ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. 2010 அக்டோபரில் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை இதை மேலும் இறுக்கி, பாரம்பரிய அறிவைப் பெறுவதற்கு அந்தச் சமூகத்தின் முன்னிணக்கம் வேண்டும் என்று விதிக்கிறது. அது தன் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும்.

இந்த ஏற்பாடுகளில் ஓர் ஓட்டை உண்டு. 8(j) உறுப்புரையே ‘தேசியச் சட்டத்துக்கு அமைய’ என்ற சொற்களோடுதான் தொடங்குகிறது. உள்ளூர்ச் சமூகம் என்றால் யார் என்று சமவாயம் எங்கும் வரையறுக்கவும் இல்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்து இருநூறு ஆண்டுகளாக இந்த மலைகளில் வாழும் மக்களை, நிலம் தமக்குச் சொந்தமில்லாத தொழிலாளர்கள் என்று சொல்லி இந்த வரையறைக்கு வெளியே நிறுத்த எவரும் முயலலாம். நான் அதை ஏற்கமாட்டேன். வல்லாரையையும் தூதுவளையையும் பற்றி ஊரிலிருந்து கொண்டுவந்த அறிவோடு, இந்த மலையில் மட்டும் வளரும் செடிகளைச் சிங்கள அயலவரிடம் கேட்டுக் கற்றும், மருத்துவர் எட்டாத லயங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திப் பார்த்தும் உங்கள் பாட்டிமார் திரட்டியது, இந்த இடத்துக்கே உரிய அறிவு. அதை உள்ளூர் அறிவு அல்ல என்று சொல்வதற்கு நேர்மையான காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

இத்தகைய அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தின் அகத்தியர் மலையில் வாழும் காணி மக்களோடு 1987இல் காட்டுக்குச் சென்ற ஆய்வாளர்கள், வழிகாட்டிகள் ஒரு சிறு செடியின் காயை மென்றுகொண்டு களைப்பின்றி நடப்பதைக் கவனித்துக் கேட்டார்கள். அது ஆரோக்கியப்பச்சை, அதே இனம் இலங்கையிலும் உண்டு. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம், தயாரிக்கும் உரிமையை ஒரு மருந்தகத்துக்கு 10 இலட்சம் இந்திய ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் கொடுத்தது. அதில் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கியது. 1997இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் பதிவானது. குறைகள் இல்லாமல் இல்லை. காணி மக்கள் எல்லோரையும் கேட்கவில்லை என்ற மனக்குறை எழுந்தது. செடியைக் காட்டிலிருந்து பறிப்பதற்கு வனத் திணைக்களம் தடையாக நின்றது. ஆனாலும் பணம் வந்தது, பெயரும் பதிவானது.

நம் நாட்டில் நேர்மாறானது நடந்தது. கொத்தலஹிம்புட்டுக் கொடியின் கட்டையில் குடைந்த குவளையில் இரவு முழுவதும் தண்ணீரை ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது நீரிழிவுக்கு இங்கே வழிவழியாகச் செய்யும் வைத்தியம். அந்தக் கொடியிலிருந்து பிரித்தெடுத்த பொருட்களுக்கு ஜப்பானில் ஆக்கவுரிமைகள் (பேட்டன்ட்) பதிவாகின. அரசு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது அதன் பிறகுதான்.

ஆகவே அடுத்த தடவை யாராவது கொப்பியோடு வந்தால், எந்த நிறுவனத்திலிருந்து வருகிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள், அரசின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழில் எழுதிய இணக்கப் பத்திரத்தில் அறிவைச் சொன்னவர்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கவேண்டும்; அதன் பிரதியொன்று உங்கள் கையில் இருக்கவேண்டும். இவை இல்லாவிட்டால் சொல்ல மறுப்பது உங்கள் உரிமை. முன்பு வந்தவர்களிடமும் இப்போது எழுதிக் கேட்கலாம். ஒலிப்பதிவு உங்களுடைய குரல்தானே.

பேணியில் வரும் கோவா, கரட் விதைகளை அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்தால் சரியாக வருவதில்லை. இவை மரபணு மாற்றிய விதைகளா?
(மரக்கறி விவசாயி, நுவரெலியா)

அல்ல. அவை கலப்பின விதைகள். ஒரே பயிரின் தெரிந்தெடுத்த இரண்டு வகைகளை ஒன்றோடொன்று மகரந்தம் சேர்த்துப் பெறும் முதல் தலைமுறை, ஒரே அளவாகவும் வீரியமாகவும் வரும். அதன் விதையை மறுபடி விதைத்தால் தாயின் குணமும் தந்தையின் குணமும் பிரிந்து, ஒரு கோவா உருண்டும் மறு கோவா விரிந்தும் நிற்கும். இதில் ஆய்வுகூட மரபணு மாற்றம் எதுவும் இல்லை. மரபணு மாற்றம் என்பது, வேறோர் உயிரியின் மரபணுவை நவீன முறைகளால் பயிருக்குள் புகுத்துவது. பங்களாதேஷ் 2013இல் அனுமதித்த பீ.டி. கத்தரியில் மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவின் மரபணு இருக்கிறது; காயைத் துளைக்கும் புழுவை அது கொல்லும். அதே வகைக் கத்தரிக்கு இந்தியா 2010 பெப்ரவரியில் இடைக்காலத் தடை விதித்தது.

அத்தகைய விதை எல்லையைக் கடக்கும்போது பொருந்தும் சட்டம், 2000 ஜனவரியில் ஏற்கப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கார்ட்டஜீனா நெறிமுறை. இலங்கை 2004இல் அதில் இணைந்தது. நடுவதற்காக மரபணு மாற்றிய உயிரியை முதன்முறையாக ஒரு நாட்டுக்கு அனுப்புவதற்கு முன் அந்நாட்டுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்; அந்நாடு இடர் மதிப்பீடு செய்து, 270 நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நெறிமுறை தெளிவாகச் சொல்வது, அதிகாரிகள் குறைந்த நம்மைப் போன்ற சிறிய நாடுகளுக்குப் பெரிய பாதுகாப்பு. விஞ்ஞான ரீதியில் முழு நிச்சயம் இல்லாதபோதும் தீங்கைத் தவிர்க்க மறுப்புத் தெரிவிக்கலாம் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும் அதில் உண்டு. சிறு விவசாயிகளின் வாழ்வாதாரம் போன்ற சமூக, பொருளாதாரக் காரணிகளைக் கணக்கில் எடுக்க 26ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. அந்த உறுப்புரையை நம் விவசாயச் சங்கங்கள் அறிந்துவைத்திருக்க வேண்டும். தீர்மானம் எடுக்கும் மேசையில் உங்கள் பெயரால் பேசுவதற்குச் சட்டம் தரும் வாசல் அதுவே.

கலப்பின விதையால் நீங்கள் ஒவ்வொரு போகமும் கடைக்குப் போகவேண்டியிருப்பது உண்மையான சுமைதான். ஆனால் அந்தச் சுமைக்குக் காரணம் விதை வர்த்தகம். உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தால் அதைத் தீர்க்க முடியாது.

சோயா மீட் வாரத்தில் பல நாள் எங்கள் வீட்டில் சமைக்கிறோம். அதில் மரபணு மாற்றிய சோயா இருந்தால் பக்கற்றில் போட வேண்டாமா?
(இல்லத்தரசி, ஹட்டன்)

போட வேண்டும். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் 2006இல் வெளியாகி 2007 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்குவிதிகளின்படி, மரபணு மாற்றிய உணவை அங்கீகாரம் இன்றி இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது, 0.5 சதவீதத்துக்கு மேல் அத்தகைய பொருள் கலந்திருந்தால் லேபலில் குறிப்பிடுவது கட்டாயம். கார்ட்டஜீனா நெறிமுறை உங்கள் அடுப்படி வரை வராது. உயிருள்ள, முளைக்கக்கூடிய பொருளையே அது ஆள்கிறது. எண்ணெய் பிழிந்து, மாவாக்கி, வெப்பத்தில் பதப்படுத்திய சோயா அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

2001 மே மாதம் முதல் மரபணு மாற்றிய உணவுகளை முற்றாகத் தடைசெய்ய இலங்கை முனைந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். வர்த்தக நாடுகளின் எதிர்ப்பு உலக வர்த்தக நிறுவனத்தின் விதிகளைக் காட்டி எழுந்தபோது அந்தத் தடை பிற்போடப்பட்டு, பின் காலவரையறையின்றி நிறுத்தப்பட்டது. நமக்குக் கிடைத்தது லேபல்தான். அதையாவது உண்மையாக நடைமுறைப்படுத்த, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

வெளிநாட்டில் ஆய்வு செய்யும் என் மகன், விடுமுறைக்கு வந்து திரும்பும்போது ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து பாசியும் மண்ணும் கொஞ்சம் எடுத்துச் செல்லலாமா?
(ஓய்வுபெற்ற அதிபர், பண்டாரவளை)

கூடாது. ஹோர்ட்டன் சமவெளி ஒரு தேசியப் பூங்கா. அங்கே ஓர் இலையைக் கிள்ளுவதும் குற்றமாகும். 2020இல் யால பூங்காவில் 92 இனங்களைச் சேர்ந்த பூச்சிகளோடு பிடிபட்ட இரு வெளிநாட்டவருக்கு, 2024இல் கொழும்பு நீதிமன்றம் 6 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. ஆய்வு என்ற நல்ல நோக்கம் அனுமதிக்கு ஈடாகாது. மகன் படிப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் என்றால், 2014ஆம் ஆண்டின் 511ஆம் இலக்க ஒழுங்குவிதியைக் கருத்தில் வைத்து அவருடைய பல்கலைக்கழகமே அவர் கொண்டுவந்த பொருள் சட்டபூர்வமாகப் பெறப்பட்டதா என்று கேட்கக்கூடும். இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றைக் கூட்டாளியாகச் சேர்த்து, ஆய்வு அனுமதியும் மாதிரி கைமாற்ற ஒப்பந்தமும் பெற்றுச் செய்வதே நேரான வழி. அதற்குப் பல மாதங்கள் எடுக்கும் என்பதை இப்போதே சொல்லிவையுங்கள்.

செடியே வேண்டாம், கணினியிலுள்ள மரபணு வரிசை போதும் என்றாகிவிட்டதே. பிறகு இந்த அனுமதிச் சட்டங்களுக்கு என்ன அர்த்தம்?
(பல்கலைக்கழக மாணவி, பேராதனை)

மிகக் கூர்மையான கேள்வி. தேயிலையின் மரபணுத் தொகுதியை எழுத்து வரிசையாகப் படித்துச் சீன விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்டார்கள்; இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் அதைத் தரவிறக்கலாம். கள்ளவழியில் போகும் விதையைச் சுங்கத்தில் மறிக்கலாம், எழுத்துகளாகப் போகும் விதையை எங்கே மறிப்பது? ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி அனுமதி என்றால் நேர்மையான ஆய்வும் நின்றுபோகும்; எதுவும் வேண்டாம் என்றால் சமவாயத்தின் பாதி வெறுமையாகிவிடும்.

நாடுகள் கண்ட வழி வேறு. 2022 டிசம்பரில் மொன்றியலில் ஒரு பலதரப்பு முறைக்கு உடன்பட்டு, 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் அதற்கு உருவம் கொடுத்தார்கள். மருந்து, அழகுசாதனம், விதை போன்ற துறைகளில் மரபணு வரிசைத் தகவலால் பயன்பெறும் பெரிய கம்பனிகள், இலாபத்தில் 1 சதவீதத்தை அல்லது வருமானத்தில் 0.1 சதவீதத்தை, அந்நகரின் பெயரிலான காலி நிதியத்துக்குச் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நிதியில் குறைந்தது பாதி பழங்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போய்ச்சேர வேண்டும் என்பதை நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன். நிதியம் 2025 பெப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் செலுத்துவதைக் கட்டாயமாக்குவது ஒவ்வொரு நாட்டினதும் சட்டத்தைப் பொறுத்தது. ஐக்கிய அமெரிக்கா சமவாயத்திலேயே உறுப்பு நாடாக இல்லை. 2024 மே மாதத்தில் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, மரபணு வளத்தை அடிப்படையாகக் கொண்ட ஆக்கவுரிமை விண்ணப்பத்தில் அதன் மூல நாட்டைச் சொல்ல வேண்டும் என்கிறது. மஸ்கெலியா வாசகியின் கேள்விக்கும் அந்த உடன்படிக்கை பயன்படும், ஏனெனில் பாரம்பரிய அறிவைத் தந்த சமூகத்தையும் அதில் குறிப்பிட வேண்டும். சட்டம் படிக்க எண்ணியிருந்தால், இந்தத் துறையில் மலையகத்திலிருந்து ஆள் வேண்டும்.

என் தாத்தா காலத்திலிருந்து ஒரு வகைப் போஞ்சியை நாங்கள் விதை எடுத்து நட்டு வருகிறோம். அதைப் பாதுகாக்க வழி உண்டா?
(விவசாயி, வெலிமடை)

உண்டு. கன்னொறுவையிலுள்ள தாவர மரபணு வள நிலையம் இத்தகைய உள்ளூர் வகைகளைக் குளிரறையில் சேமித்து வைக்கிறது. போஞ்சி, 2001இல் ஏற்கப்பட்ட உணவுப் பயிர் மரபணு வளங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பொதுப் பட்டியலிலுள்ள 64 பயிர்களுள் அடங்குகிறது; தேயிலை அதில் இல்லை. அந்தப் பட்டியலிலுள்ள பயிர் பொதுச் சேமிப்புக்குப் போனால், பிற நாட்டு ஆய்வாளரும் நியம ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டு அதைப் பெறலாம்; அதிலிருந்து உருவாக்கிய வகையை மற்றவர்கள் ஆய்வுக்கு எடுக்க முடியாதபடி விற்பவர், விற்பனையில் 0.77 சதவீதத்தை உலக நிதிக்குச் செலுத்த வேண்டும். விதை எடுத்து வைத்து நடும் விவசாயியின் உரிமைகளை அதே உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரை பேசுகிறது. அவற்றை நிறைவேற்றும் பொறுப்பை அரசுகளிடம் விடுகிறது.

கொடுப்பதற்கு முன், நன்றாகக் காய்ந்த விதையில் ஒரு பகுதியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கடதாசி உறையில் போட்டு, உங்கள் பெயர், ஊர், எத்தனை தலைமுறையாக நடுகிறீர்கள், எந்த மாதத்தில் விதைக்கிறீர்கள், எந்த நோயைத் தாங்குகிறது என்பவற்றை வெளியே எழுதுங்கள். ஒப்படைத்ததற்கான பதிவு இலக்கத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.